அடுத்த விமானத்துக்கு ஐந்து மணி நேரம்: ஏர்போர்ட்டில் போக்கிமான் கோ ஆடுவது எப்படி

போக்கிமான் கோ என்பது நிஜ ஊர் வரைபடத்தில் நடந்து, போக்கிமான் என்ற கற்பனைப் பிராணிகளைப் போனில் பிடிக்கும் ஆட்டம். ஏர்போர்ட்டில் அதைத் திறக்கிறவர்களில் பலர் செய்வது இதுதான். கேட் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, எட்டும் தூரத்தில் இருக்கிற ஒரே ஸ்டாப்பை (சுழற்றினால் பொருள் தரும் இடம்) ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சுழற்றி, வருகிற பிட்ஜி என்ற சாதாரணப் போக்கிமானையெல்லாம் பிடித்து, போர்டிங் என்றதும் எழுந்து போய்விடுவார்கள். இதை வீட்டு வாசலிலேயே செய்யலாமே. ஏர்போர்ட்டில் கிடைத்து உங்கள் தெருவில் எந்தக் காலத்திலும் கிடைக்காத ஒன்று உண்டு, அது தூரம். இந்த ஆட்டத்தில் தூரத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு ஆடினால் நாலைந்து மணி நேரக் காத்திருப்பில் சேர்க்கிற சரக்கு ஊரில் மாதக்கணக்கில் ஆடினாலும் சேராது.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பி, சிங்கப்பூர் சாங்கியில் இறங்கி, அங்கே சில மணி நேரம் காத்திருந்து ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். துபாய், தோஹா, கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

முதலில் தூரக் கணக்கு

ஒரு போக்கிமானை எங்கே பிடித்தீர்கள் என்பது அதன் பக்கத்தில் கடைசியில், ஊர்ப் பெயரும் தேதியுமாகப் பதிந்திருக்கும். இரண்டு பேர் நேரில் உட்கார்ந்து டிரேட் செய்யும்போது, அதாவது ஆளுக்கொரு போக்கிமானை மாற்றிக்கொள்ளும்போது, கைமாறும் இரண்டு போக்கிமான்களும் பிடிபட்ட இடங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று ஆட்டம் பார்க்கும். சாதாரண டிரேடுக்கு ஒரு கேண்டி, அதாவது போக்கிமானை வளர்க்க உதவும் மிட்டாய். 10 கிலோமீட்டர் தாண்டினால் இரண்டு, 100 கிலோமீட்டர் தாண்டினால் மூன்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 2,900 கிலோமீட்டர். ஆகவே சாங்கியில் நீங்கள் பிடிக்கிற எந்தச் சாதாரணப் போக்கிமானும், ஊரில் இருக்கும் தம்பியுடன் மாற்றும்போது இரண்டு பக்கமும் மூன்று கேண்டி தரும். டிரேட் செய்ததும் இரண்டின் பலமும் புதிதாகக் கணக்கிடப்படும், குப்பை என்று நினைத்தது நல்லதாக மாறவும் வாய்ப்பு உண்டு.

பைலட் மெடல் வேறு இருக்கிறது. நீங்கள் செய்கிற டிரேடுகளின் தூரத்தையெல்லாம் கூட்டிக்கொண்டே போவார்கள், மொத்தம் 10 லட்சம் கிலோமீட்டர் வந்தால் தங்க மெடல். தாம்பரத்தில் பிடித்ததை அடையாற்றில் பிடித்ததோடு மாற்றிக்கொண்டிருந்தால் இது ஜென்மத்துக்கும் முடியாது. சிங்கப்பூர்ச் சரக்கு என்றால் சுமார் 350 டிரேடில் முடியும். லண்டன் போய் வந்தவரிடம் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 8,000 கிலோமீட்டருக்கு மேல் ஏறும், 125 டிரேடே போதும்.

அதனால் ஏர்போர்ட்டில் பிடிப்பது எதையும் உடனே புரொஃபசருக்கு அனுப்பிவிடாதீர்கள், அதாவது கேண்டிக்காகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு டேக் உருவாக்கி அதற்கு ஊர்ப் பெயர் வையுங்கள், பிடிக்கப் பிடிக்க அதில் போடுங்கள். டேக் போட மறந்தாலும் பரவாயில்லை. ஊர் திரும்பியதும் தேடும் கட்டத்தில் டிஸ்டன்ஸ் என்ற சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் 100 என்று எழுதி, கடைசியில் ஒரு சிறுகோடு போட்டால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்தவை மட்டும் வரிசையாக வந்து நிற்கும்.

ஸ்டாப்பில் கிடைத்து, நடக்க நடக்கப் பொரியும் முட்டைகளுக்கும் இதே விதிதான், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு முட்டையை எந்த ஸ்டாப்பில் எடுத்தீர்களோ, அதிலிருந்து வரும் போக்கிமான் அந்த ஊர்க்காரனாகத்தான் பதிவாகும், நீங்கள் அதை மயிலாப்பூரில் நடந்து பொரித்தாலும் சரி. நண்பர்கள் அனுப்பும் கிஃப்டில் வரும் 7 கிலோமீட்டர் முட்டைக்கு அந்த கிஃப்ட் எடுத்த இடம். ஆகவே டிரான்சிட்டில் ஒரு மணி நேரம்தான் கிடைத்தது, ஒன்றும் பிடிக்க முடியவில்லை என்றாலும், காலி இடம் வைத்திருந்தால் நாலைந்து வெளிநாட்டு முட்டைகளோடு விமானம் ஏறலாம்.

இனி கிஃப்ட். ஸ்டாப்பைச் சுழற்றும்போது வரும் கிஃப்டில் அந்த இடத்தின் படமும் பெயரும் போட்ட போஸ்ட்கார்டு ஒன்று இருக்கும். விவில்லன் என்ற பட்டாம்பூச்சிக்கு உலகத்தின் பகுதிக்குத் தகுந்தபடி 18 வகைச் சிறகு உண்டு, எந்தப் பகுதியிலிருந்து வந்த போஸ்ட்கார்டைப் பின் செய்து வைக்கிறீர்களோ அந்த வகைக்குத்தான் கணக்கு ஏறும். 2022 டிசம்பரில் இது வந்ததிலிருந்து வெளியூர் போஸ்ட்கார்டுக்கு ஆள் அலைகிறார்கள். எடுத்து வைத்த கிஃப்ட் ஊர் மாறினாலும் பழைய ஊரின் கார்டாகவே இருக்கும். ஒரே நாளில் ஒருவருக்கு ஒன்றுதான் அனுப்பலாம் என்பதால் கையில் இருப்பதை ஊருக்கு வந்தபிறகும் நிதானமாக அனுப்பலாம். ஒரே ஒரு விஷயம், கிஃப்ட் வைக்கும் இடத்துக்கு அளவு இருக்கிறது. சென்னையில் எடுத்த கிஃப்டுகளால் அது நிரம்பியிருந்தால் சாங்கியில் எத்தனை ஸ்டாப் சுழற்றினாலும் ஒரு கார்டுகூட வராது. விமானம் ஏறுவதற்கு முன்பே பழையதையெல்லாம் யாருக்காவது அனுப்பித் தீர்த்துவிடுங்கள்.

கடைசியாக, சில பகுதிகளில் மட்டும் கிடைப்பவை. ஆஸ்திரேலியாவில் கங்காஸ்கான், ஜப்பான், ஹாங்காங், தைவான் பக்கம் ஃபார்ஃபெச்ட், ஐரோப்பாவில் மிஸ்டர் மைம், அமெரிக்காவில் டாரோஸ். ஏர்போர்ட்டுக்குள்ளேயே கண்ணில் படும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் ஹாங்காங்கில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு அதைத் தேடாமல் வருவது நியாயமில்லை. எதிர்த்திசையிலும் யோசியுங்கள். நம் பக்கம் கிடைக்கிற டோர்கோல் சிட்னியில் இருக்கும் உங்கள் சித்தி மகனுக்குக் கிடைக்காது, கிளம்புவதற்கு முன் ஒன்றிரண்டு பிடித்துக் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்

போக்கிமான் வைக்கும் பெட்டியில் குறைந்தது நூறு இடமாவது காலி செய்யுங்கள். பொருள் பையிலும் இடம் வேண்டும், போக்கிமானைப் பிடிக்கும் பந்துகள் மட்டும் நிறைய இருக்கட்டும், ஏர்போர்ட் ஸ்டாப்புகளை நம்பிப் பந்து இல்லாமல் போகாதீர்கள். முட்டைக்கு இருக்கும் இடங்களில் பாதியையாவது காலியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆட்டத்திலிருந்து லாக் அவுட் செய்யவே செய்யாதீர்கள். வெளிநாட்டில் மறுபடி உள்ளே நுழையப் போனால் கூகுள் கணக்கு உங்கள் நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்று நிற்கும், ரோமிங் போடாத சிம்முக்கு அது வந்து சேராது. நம் ஊர் ஏர்போர்ட் வைஃபைக்கும் ஓடிபி வேண்டும், அதனால் சிம் வேலை செய்யும்போதே இணைத்துவிடுங்கள். ஆட்டத்துக்குச் செலவாகும் டேட்டா குறைவுதான், சின்ன ரோமிங் பேக் தாராளம். ஆனால் அப்டேட்டும் ஆட்டம் கேட்கிற கூடுதல் பதிவிறக்கமும் இருந்தால் வீட்டு வைஃபையிலேயே முடித்துவிடுங்கள். ஆட்டம் மூடியிருக்கும்போதும் நடந்த தூரத்தைக் கணக்கில் சேர்க்கும் அட்வென்ச்சர் சிங்க் வசதியை ஆன் செய்து, உடல்நலச் செயலியோடு இணைத்துவையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பவர் பேங்க் கண்டிப்பாகக் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறந்து எடுக்கச் சொல்வார்கள். 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர், ஆகவே பிரச்சினையில்லை. கொண்டுபோகலாம் என்பதற்காக விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டன. டிரான்சிட்டில் இறங்கும்போது போனில் சார்ஜ் இருக்க வேண்டுமென்றால் ஏறுவதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சீட்டில் இருக்கும் யுஎஸ்பியில் போனை நேராகச் சொருகுங்கள். சிங்கப்பூர் பிளக் நம்முடையது மாதிரி இல்லை, தட்டையான மூன்று கால் வகை, ஒரு அடாப்டர் பையில் கிடக்கட்டும். ஆட்டத்துக்குள் பேட்டரி சேவரைப் போட்டு, போக்கிமானைக் கேமராக் காட்சியில் காட்டும் ஏஆர் பட்டனை அணைத்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஜிபிஎஸ் குழப்பம்

ஏர்போர்ட் கூரைகள் பெரும்பாலும் இரும்பும் கான்கிரீட்டும். உள்ளே நிற்கும் போனுக்குச் செயற்கைக்கோள் சிக்னல் சரியாகக் கிடைக்காது, அதனால் பக்கத்தில் இருக்கும் வைஃபை கருவிகளையும் செல் டவர்களையும் வைத்து நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அது ஊகிக்கும். ஊகம் மாற மாற, நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் திரையில் உங்கள் ஆள் ஓடுதளத்துக்கும் கார் பார்க்கிங்குக்கும் ஓடிக்கொண்டிருப்பான்.

இதைச் சரிசெய்ய மூன்று விஷயம் போதும். போனில் வைஃபை எப்போதும் ஆனிலேயே இருக்கட்டும், இணைக்காவிட்டாலும் பரவாயில்லை, இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். ஐபோன் என்றால் இந்தச் செயலிக்குத் துல்லியமான இடம் காட்டும் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கண்ணாடிச் சுவர் இருக்கும் பக்கம் போய் உட்காருங்கள். ஓடுதளம் தெரிகிற ஜன்னலோரம் கிடைத்தால் அதுதான் ஏர்போர்ட்டிலேயே சிறந்த இடம்.

புது ஊரில் இறங்கி ஏரோபிளேன் மோடை எடுத்ததும் ஆட்டத்தைத் திறக்காதீர்கள். முதலில் மேப்ஸ் திறந்து, நீலப் புள்ளி சரியான ஏர்போர்ட்டில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள், பிறகு ஆட்டத்துக்குப் போங்கள். பழைய ஊர் வரைபடமே தெரிந்தால் செயலியை முழுதாக மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

இத்தனை தூரம் திடீரென்று மாறினால் ஏமாற்றுகிறான் என்று ஆட்டம் நினைத்துவிடாதா என்று கேட்பார்கள். ஆடுகிறவர்கள் அனுபவத்தில் வைத்திருக்கும் கணக்குப்படி, எவ்வளவு தூரம் தாவினாலும் அதிகபட்சம் இரண்டு மணி நேர இடைவெளி இருந்தால் போதும். சென்னை-சிங்கப்பூர் விமானத்துக்கே நாலு மணி நேரம் ஆகிறது, ஆகவே நேர்மையாகப் பறந்து வந்தவருக்கு எந்தத் தடையும் வராது. ஆனால் ஜிபிஎஸ்ஸை மாற்றிக்காட்டும் செயலியெல்லாம் வேண்டவே வேண்டாம். கணக்கே போய்விடும், அதோடு நிஜமாகவே 2,900 கிலோமீட்டர் வந்து நிற்கிறவருக்கு அது எதற்கு?

சாங்கியில் ஐந்து மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

நடக்க வேண்டிய வேலைகள் முதலில், உட்கார்ந்து செய்கிற வேலைகள் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் கேட் பக்கம் போய்விட்டால் நீங்கள் அந்தக் கேட்டுக்குக் கட்டுப்பட்டவர்.

இறங்கியதும் அடுத்த விமானத்தின் டெர்மினல், கேட், போர்டிங் நேரம் மூன்றையும் பலகையில் பாருங்கள். போர்டிங் நேரத்துக்கு 45 நிமிடம் முன்னால் போனில் ஒரு அலாரம் வையுங்கள், அதிர்வோடு. பல ஏர்போர்ட்டுகளில் இப்போது ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதில்லை, காதில் ஹெட்போன் வேறு இருந்தால் சொல்லவே வேண்டாம். இந்த அலாரம் அடித்த பிறகு புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

சாங்கியில் 1, 2, 3 ஆகிய மூன்று டெர்மினல்களுக்கும் இமிகிரேஷன் தாண்டாமல் உள்ளேயே நடந்து போகலாம், ஸ்கைட்ரெயினும் உண்டு. நாலாவது டெர்மினலுக்கு மட்டும் பஸ். ஆட்டத்துக்கு இந்த மூன்று டெர்மினல் நடைபாதைதான் தங்கச் சுரங்கம். பொதுவாக ஸ்டாப்புகள் சிலை, ஓவியம், தோட்டம் மாதிரி கண்ணில் நிற்கிற இடங்களில்தான் இருக்கும். 2012இல் வந்த இன்கிரஸ் ஆட்டத்தில் ஆடியவர்கள் தங்கள் ஊரில் குறித்துக்கொடுத்த இடங்கள்தான் பிறகு போக்கிமான் கோவின் ஸ்டாப்புகளுக்கு அடிப்படை ஆயின. மூன்றாவது டெர்மினலின் பட்டாம்பூச்சித் தோட்டம், இரண்டாவதின் சூரியகாந்தித் தோட்டம், ஒன்றாவதின் கள்ளித் தோட்டம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி போட்டு நடந்தால் கண்ணுக்கும் விருந்து, முட்டையும் பொரியும். ஒரே ஸ்டாப்பைத் திரும்பத் திரும்பச் சுழற்றுவதைவிட வெவ்வேறு பத்து ஸ்டாப்பை அடுத்தடுத்துச் சுழற்றினால் பத்தாவதில் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

நடக்கும்போது ஒரு நுணுக்கம். ஓடும் நடைபாதையில் ஏறி நின்றுகொண்டு போனால் கிலோமீட்டர் சரியாக ஏறாது, கூரைக்குக் கீழே ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது. அட்வென்ச்சர் சிங்க் உங்கள் காலடிகளை எண்ணிக் கணக்கு வைக்கும், அதனால் அந்த நடைபாதைக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரணத் தரையில், ஆட்டத்தை மூடிவிட்டுப் போனைப் பையில் போட்டு நடப்பதே லாபம். பத்து நிமிடம் நட, ஒரு ஸ்டாப் கொத்து வந்ததும் ஓரமாக நில், திற, சுழற்று, பிடி, மூடு, நட. பெட்டி தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நடுவே திரையைப் பார்த்துக்கொண்டு நடப்பது ஆபத்து, அவர்களுக்கும் சேர்த்து.

ஸ்டாப்பை எட்டும் தூரம் 80 மீட்டர். கோவிட் காலத்தில் 40 மீட்டரிலிருந்து கூட்டினார்கள், 2021இல் திரும்பக் குறைக்கப் பார்த்தபோது ஆடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து எதிர்த்ததில் 80 மீட்டரே நிலைத்துவிட்டது. ஏர்போர்ட்டில் இதன் அருமை தனி. தொழுகை அறையில் இருக்கும் ஸ்டாப்புக்காக உள்ளே போக வேண்டியதில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் வெளிப்பகுதியில் இருக்கிற ஸ்டாப்பும் சில சமயம் உள்ளிருந்தே எட்டும்.

ஜூவல் பற்றிக் கேட்பீர்கள். 2019இல் திறந்த அந்தக் கட்டடத்தில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவியும், போக்கிமான் சென்டர் கடையும் இருக்கின்றன, இந்த ஆட்டம் ஆடுகிறவருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது இமிகிரேஷனுக்கு வெளியே. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், அல்லது விசாவில்லா டிரான்சிட் விதிகளுக்குள் நீங்கள் வர வேண்டும். அது இருந்தாலும் வெளியே போய், சுற்றிப் பார்த்து, மறுபடி உள்ளே வர நேரம் பிடிக்கும். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் போகாதீர்கள் என்றே சொல்வேன். அருவியை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஓடும் ஸ்கைட்ரெயினில் ஏறுங்கள், அது ஜூவலுக்குள் புகுந்துதான் போகிறது, விசா வேண்டாம்.

கடைசி ஒரு மணி நேரம் கேட் பக்கம். 1, 2, 3 டெர்மினல்களில் செக்யூரிட்டி சோதனை கேட் வாசலில்தான், தாண்டி உள்ளே உட்கார்ந்துவிட்டால் வெளியே வந்து போவது தொல்லை. அதனால் தண்ணீர், கழிப்பறை, மிச்சமிருக்கும் ஸ்டாப் எல்லாவற்றையும் முடித்துவிட்டு உள்ளே போங்கள். உள்ளே போனபிறகு டேக் போடுவது, கிஃப்ட் பிரித்துப் பார்ப்பது, முட்டைகளை இன்குபேட்டரில் வைப்பது. பக்கத்தில் ஸ்டாப் ஒன்று எட்டினால் போக்கிமான்களை அங்கே இழுக்கும் லூரை அதில் போடுங்கள், அரை மணி நேரம் ஓடும், உட்கார்ந்த இடத்திலேயே வெளியூர்ச் சரக்கு சேரும். எட்டவில்லை என்றால் உங்கள் பக்கம் அவற்றை இழுக்கும் இன்சென்ஸ்.

நள்ளிரவு விமானத்துக்கு ஒரு லாபம் உண்டு. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல இரவு பதினொன்றுக்கு மேலும் விடியற்காலையிலும்தான் கிளம்புகின்றன. பன்னிரண்டுக்கு முன் ஒரு ஸ்டாப், ஒரு போக்கிமான், பன்னிரண்டு தாண்டியதும் இன்னொரு ஸ்டாப், இன்னொரு போக்கிமான். இரண்டு நாள் கணக்கு முடிந்தது, அடுத்த நாள் முழுக்க வானத்தில் இருந்தாலும் தினமும் ஆடினால் பரிசு தரும் உங்கள் ஏழு நாள் தொடர் அறுபடாது.

ஜிம்மும் ரெய்டும்

ஜிம் என்பது ஆடுகிறவர்கள் தங்கள் போக்கிமானைக் காவல் நிறுத்திச் சண்டை போடும் இடம். அங்கே நிறுத்தும் போக்கிமான் பத்து நிமிடத்துக்கு ஒரு காசு சம்பாதிக்கும், ஒரு நாளைக்கு 50 வரை. ஆனால் அது தோற்று வீடு திரும்பினால்தான் காசு கைக்கு வரும். இமிகிரேஷனுக்கு உள்ளே இருக்கும் ஜிம்மில் சண்டை போட டிக்கெட் வைத்திருப்பவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும்தான் வர முடியும், ஆகவே நீங்கள் வைத்தது வாரக்கணக்கில் அங்கேயே நிற்கலாம். காசுக்காக அங்கே வைக்காதீர்கள். தங்க பேட்ஜுக்காக, அல்லது சாங்கி ஜிம்மில் நம் ஆள் நிற்கிறான் என்ற சந்தோஷத்துக்காக வையுங்கள், அதற்கு நானும் வைப்பேன். வைப்பது ரெய்டுக்கு, அதாவது பலர் கூடி ஒரு பெரிய போக்கிமானோடு போடும் சண்டைக்கு, தேவைப்படாததாக இருக்கட்டும், ஜிம்மில் நிற்கும்வரை அதை எதற்கும் எடுக்க முடியாது.

ரெய்டு முட்டை உடைந்தபிறகு 45 நிமிடம் இருக்கும். கூடி, சண்டை போட்டு, பிடித்து முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடித்துவிட்டதென்றால் எவ்வளவு பெரிய ரெய்டாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஆள் சேரவில்லையென்றால் ஊரில் இருக்கும் நண்பர்களை உள்ளிருந்தே அழைக்கலாம், அவர்களிடம் தூரத்திலிருந்தே கலந்துகொள்ள உதவும் ரிமோட் பாஸ் இருக்க வேண்டும். ஜெயித்தபிறகு பிடிக்கிற போக்கிமானுக்கு உங்களுக்குச் சிங்கப்பூர் என்று பதியும், டிரேடுக்கு அதுவும் சரக்குதான்.

கேமராவை எடுக்காதீர்கள்

ஆட்டம் சில சமயம் ஒரு ஸ்டாப்பைச் சுற்றி வந்து கேமராவால் ஸ்கேன் செய்யச் சொல்லிப் பணி கொடுக்கும். ஏர்போர்ட்டில் அந்தப் பணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இமிகிரேஷன் வரிசையிலும் செக்யூரிட்டி சோதனையிலும் படம் எடுக்கத் தடை, நம் ஊரில் சிஐஎஸ்எஃப் வீரர் போனை வாங்கிப் பார்த்தால் நீங்கள் பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டிருந்ததை விளக்கிப் புரியவைக்க நேரம் ஆகும். அந்த இரண்டு இடத்திலும் ஆட்டத்தையே மூடிவைப்பது நல்லது. ஸ்டாப் எட்டவில்லை என்று பூட்டிய கதவு, ஊழியர் வழி, காலியான தாழ்வாரம் பக்கம் போகாதீர்கள். கைப்பையை நாற்காலியில் விட்டுவிட்டு நாலடி நகர்ந்தாலும் அது அங்கே கேட்பாரற்ற பை ஆகிவிடும். குடும்பத்தோடு போகிறவர்கள் யார் பெட்டியைப் பார்ப்பது, யார் நடப்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்துக்காக, மறைத்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேஷிங் ஆடுகிறவர்கள் ஏர்போர்ட்டுக்குள் டப்பா தேடி நாற்காலிக்கு அடியில் துழாவுவதும் வேண்டாம்.

வேறு ஆட்டங்கள்

போக்கிமான் கோ பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது பிக்மின் புளூம். 2021இல் வந்தது, சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும்தான் முதலில் விட்டார்கள். காலடி எண்ணிக்கைதான் இதில் எல்லாமே, எனவே ஜிபிஎஸ் தடுமாறினாலும் பெரிதாகப் பாதிக்காது. இதில் பிக்மின் என்ற குட்டிப் பிராணி முளைக்கும் நாற்று எந்த மாதிரி இடத்தில் கிடைத்ததோ அதற்குத் தகுந்த அலங்காரம் பிக்மினுக்கு வரும். உணவகம் என்றால் சமையல்காரர் தொப்பி, கடற்கரை என்றால் சிப்பி. ஏர்போர்ட்டில் கிடைத்த நாற்றை நடந்து வளர்த்து, அதோடு நட்பையும் வளர்த்தால், ஒரு குட்டி பொம்மை விமானத்தை மாட்டிக்கொண்டு வந்து நிற்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொரு நிறத்திலும் அதைச் சேர்க்க ஏர்போர்ட்டை விட்டால் வேறு வழி சுலபமில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆட்டம் தெரியவில்லை.

இன்கிரஸ் இன்னும் ஆடுகிறவர்கள் ஏர்போர்ட் போர்ட்டல்களை (அந்த ஆட்டத்தின் ஸ்டாப்புகள் மாதிரி) ஹேக் செய்து, அதாவது பொருள் எடுத்து, அவற்றின் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். தூர தேசத்துச் சாவி உங்கள் ஊர்க் குழுவுக்கு, போர்ட்டல்களை இணைக்கும் நீண்ட லிங்க் போட உதவும். ஒரு போர்ட்டலில் ஐந்து நிமிட இடைவெளியில் நாலு தடவை வரை ஹேக் செய்யலாம், அதுவும் காத்திருக்கும் நேரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது.

ஊர் திரும்பியதும்

கொண்டுவந்த சரக்கை டிரேட் செய்வதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். எதிராளியின் போக்கிடெக்ஸில் (கிடைத்த வகைகளின் பட்டியல்) ஏற்கெனவே இருக்கும் சாதாரணப் போக்கிமானுக்கு, ஆட்டத்துக்குள் செலவழிக்கும் ஸ்டார்டஸ்ட் 100தான், ஒரு நாளைக்கு நூறு டிரேட் வரை போடலாம். ஆனால் அவரிடம் இல்லாத ஒன்றை, உதாரணமாகக் கங்காஸ்கானைக் கொடுக்கப் போனால் அது ஸ்பெஷல் டிரேட், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, செலவும் நட்பு நிலையைப் பொறுத்தது. கிரேட் ஃபிரெண்ட் என்றால் 16,000 ஸ்டார்டஸ்ட், அல்ட்ரா ஃபிரெண்ட் என்றால் 1,600, பெஸ்ட் ஃபிரெண்ட் என்றால் 800. அல்ட்ரா நிலைக்கு 30 நாளும் பெஸ்ட் நிலைக்கு 90 நாளும் தினமும் ஏதாவது பரிமாற்றம் வேண்டும். ஆகவே டிக்கெட் போட்ட அன்றே, யாருக்கு எதைக் கொண்டுவரப் போகிறீர்களோ அவரோடு தினம் ஒரு கிஃப்ட் என்று ஆரம்பித்துவிடுங்கள்.